ஏறும் எடை

பயணிகளை எடை போடுவது என் வேலை.
காரைக்குடி நெல் மண்டியில் ஏலத்தில் எடுத்த தராசு.
மேடையில் ஏறினால்
முள் கொஞ்சம் யோசித்துத்தான் நிற்கும்.
ஒற்றை இயந்திரம், ஒன்பது இருக்கை.
பத்து கிலோ கூடினாலும் கேப்டன் மச்சாடோ
ஓடுதளக் கடைசி வேப்பமரத்தைப் பார்ப்பார்,
பிறகு என்னைப் பார்ப்பார்.

கல்யாணத்துக்கு வந்த ஆச்சிமார்
வயதைக் கேட்டால் சொல்வார்கள்,
எடையைக் கேட்டால் சொல்லமாட்டார்கள்.
நகையைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு
தராசில் ஏறுவார்கள்.
மகளுக்கும் அதே விமானம்தான்.

வயிரவன் இதைத் தொடங்கியது ஒரு கோபத்தில்.
தம்பி கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வந்த பேருந்து
கீரனூரில் படுத்துவிட்டது.
முகூர்த்தம் ஏழரைக்கு. மாப்பிள்ளைத் தோழன் வந்தது பதினொன்றுக்கு.
“யுத்தத்துக்கு வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம்
கள்ளி முளைத்துக் கிடக்கிறது,
நாம் ரோட்டில் கிடக்கிறோம்” என்றான் பந்தியில்.
சிரித்தவர்களில் மூன்று பேர்
பின்னால் பங்கு வாங்கினார்கள்.

தையில் முதல் விமானம்.
ஜபருல்லா எஞ்சினைப் பார்த்து முடித்து
ஜீப்பில் ஹாரன் அடித்தபடி ஆடுகளை விரட்டினான்.
சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.
மச்சாடோ சிலுவை போட்டுக்கொண்டார்.
செம்மண் எழுந்து
வழியனுப்ப வந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம்
ஒரே நிறம்.

பினாங்கிலிருந்து வந்தவர்கள், படப்பிடிப்புக்காரர்கள்,
புதுமனை புகுபவர்கள்.
ஒருமுறை ஒருவர் படுத்தபடியே ஊர் திரும்பினார்.
இரண்டு இருக்கையைக் கழற்றினோம்.
எடை எவ்வளவென்று
அவர் மகனிடம் கேட்கவேண்டியிருந்தது.
“போன மாதம் அறுபத்திரண்டு” என்றார்.
அப்படியே எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் இரண்டாவது விமானம்,
அயர்லாந்துக் கம்பெனியிடம், டாலர் வாடகைக்கு.
அன்று ஊரே சாப்பிட்டது.

ஆடியில் முகூர்த்தம் இல்லை.
புரட்டாசியில் இல்லை. மார்கழியில் இல்லை.
தவணைக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

முதல் வருடம் பயணிக்கு இரண்டு கந்தரப்பம்,
பிறகு ஒன்று, பிறகு ஒரு புளிப்பு மிட்டாய்.
“எடை குறையுதுல்ல” என்று சிரித்தாள்
கணக்குப் பார்த்த தேனம்மை.
மதுரையிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் லாரிக்காரர்
இப்போதெல்லாம் வண்டியை அணைப்பதில்லை.
ரொக்கம் முன்னால், குழாய் பின்னால்.

தேனம்மை வங்கிப் பெட்டகத்திலிருந்து
கழுத்திருவை எடுத்தாள்.
அதற்கு என் தராசு ஆகாது.
அடகுக் கடைத் தராசு மில்லிகிராம் வரைக்கும் பேசும்.

ஆவணியில் எஞ்சினுக்கு நாள் முடிந்தது.
பிரித்துச் செப்பனிடப் பணம் இல்லை.
பெண் வீட்டார் இருபத்தாறு பேர்
சென்னையில் மூட்டை முடிச்சோடு.
வயிரவன் தன் கையால் போன் போட்டு
ஒரு பேருந்து பிடித்தான்.
அது கீரனூரைத் தாண்டி, எங்கும் நிற்காமல்,
விடியுமுன் வந்து சேர்ந்தது.
அன்றைக்குத்தான் அவன் முடித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.
சொன்னது ஐப்பசியில்.

செப்பனிடும் செலவை வாடகைக் கணக்கில் எழுதி
விமானங்களை ஓட்டிப்போக இரண்டு பேர் வந்தார்கள்,
கையில் காகிதம்.
அவர்களையும் எடை போட்டேன்.
எழுபத்தொன்று, எண்பத்துநான்கு.
பாதி ஓடுதளம்கூடத் தேவைப்படவில்லை,
வேப்பமரத்துக்கு மேலே நிறைய இடம் விட்டு
ஏறிப்போயின.

வயிரவன் தராசில் வந்து நின்றான்.
முள் யோசித்தது.
“எழுது” என்றான். எழுதினேன்.
சாமான்: இல்லை.
போகுமிடம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டே இருந்தேன்.
அவன் இறங்கிவிட்டான்.

தராசு இப்போது என் வீட்டில்.
ஐந்து மாதச் சம்பளப் பாக்கிக்கு
நாற்பது கிலோ இரும்பு.
பழைய பேப்பர் எடுப்பவர் சனிக்கிழமைதோறும்
வாடகைக்குக் கேட்கிறார்.
நாளுக்கு முப்பது ரூபாய்.
ரொக்கம் முன்னால் என்றேன்.